உப்புப் பூத்த பதினான்கு பைகள்

இன்று காலை குடிநீர் மெஷினுக்கு ஃபில்டர் மாற்ற ஒருவர் வந்திருந்தார். கழிவுக் குழாயின் கீழே வைத்திருந்த நீல வாளியைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். உள்ளே வளையம் வளையமாக வெள்ளைப் படிவு.

“இந்தத் தண்ணிய இன்னா பண்றீங்க மேடம்?”

“பாத்ரூம் கழுவறோம்.”

“அது போதும். செடிக்கு மட்டும் ஊத்திடாதீங்க. இந்தப் பக்கம் போர் தண்ணியே உப்பு. மெஷினு நல்லத நமக்குக் குடுத்துட்டு, மிச்ச உப்ப பூரா இதுலதான் தள்ளுது. தண்ணிய சேமிக்கிறேன்னு சொல்லிகினு பாதி பேரு செடிய சாவடிச்சிட்றாங்க.”

“தெரியும்ணா” என்றேன். அவர் போன பிறகு குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். உனக்கு எழுத வேண்டும் என்று ஒன்றேகால் வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். இனி முடியாது.

கோவளம் போகிற சாலையில் இந்தக் கட்டடத்துக்கு நாங்கள் குடிவந்தபோது என் மகளுக்கு எட்டு மாதம். நீ எங்களுக்கு மேல் வீடு. சிறுசேரியில் இரண்டு பேருக்கும் ஒரே சாஃப்ட்வேர் அலுவலகம், வேறு வேறு மாடி. அலுவலக பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முதல் நாளே நான் தடுப்பூசி அட்டவணையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். எடை கூடவில்லை, இன்னும் தவழவில்லை, எதிர் வீட்டுக் குழந்தை நிற்கிறது. இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு பட்டியல். நீ ஜன்னலோரம் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டே வருவாய். ஒரு நாள் கேட்டாய்: “ரிலீஸ் டேட் போட்டுகினாடி கொழந்த பெத்த?” பஸ்ஸில் முன் வரிசை வரைக்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் கோபத்தோடு.

அலுவலகக் கூட்டங்களில் நீ பேசுகிற ஆங்கிலத்தைக் கேட்டவர்களுக்கு, மொட்டைமாடியில் நீ பேசுகிற பேச்சு தெரியாது. காலை ஆறு மணிக்கெல்லாம் நைட்டியோடு மேலே போய்விடுவாய். மண் நிரப்பிய பதினான்கு பைகள்: அவரை, கத்தரி, மிளகாய், வெண்டை, தக்காளி, மூன்றில் கீரை. சமையலறைக் கழிவெல்லாம் ஓட்டை போட்ட பெயின்ட் வாளிக்குள் போய் இரண்டு மாதத்தில் உரமாகும். உன் வீட்டுக் குப்பைப் பையை வாசலில் நான் பார்த்ததே அபூர்வம். “விவசாயக் குடும்பத்துல பொறக்க கொடுத்து வெச்சிருக்கணும்” என்று ஒரு நாள் உன்னிடம் உருகினேன். நீ களையெடுப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாய்.

“இன்னாத்த கொடுத்து வெச்சோம்? எங்கம்மா நட்டது பூரா அடுத்தவன் நெலம். மண்ணுன்னு எங்க வூட்டுக்குச் சொந்தமா வந்தது கால்ல ஒட்டிகினு வந்ததுதான்.” பிறகு பக்கத்திலிருந்த பையை உள்ளங்கையால் தட்டினாய், மாட்டைத் தட்டுவது போல. “இது பதினாலு பைதான். ஆனா என் மண்ணு.”

ஒரு காலையில் என்னையும் மகளையும் அவசரமாகக் கூப்பிட்டாய். அவசரமாக நீ எதற்கும் கூப்பிட்டதில்லை என்பதால் பதறி ஓடிவந்தேன். அவரை விதை முளைத்துக்கொண்டிருந்தது. தன்னைவிடப் பெரிய மண்கட்டி ஒன்றைத் தலையில் தூக்கிக்கொண்டு, கழுத்து வளைந்து, வெளிறிய பச்சையில் ஒரு தண்டு. நாம் மூன்று பேரும் குந்திப் பார்த்தோம். அது அசைவது தெரியவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் கட்டி உருண்டு விழுந்துவிட்டது. மகள் வாயைத் திறந்தவள் மூடவில்லை. அன்றைக்கு நமக்கு பஸ் போய்விட்டது.

அந்த வருடம் ஆவணியில் உனக்கு வந்த காய்ச்சல் போகவே இல்லை. ரத்தப் பரிசோதனை, மறுபடி பரிசோதனை, அப்புறம் நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரி. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாய்: “காலைல ஒரு தபா தண்ணி ஊத்து, போதும். தெனமும் போட்டோ அனுப்பு.”

எந்தத் தண்ணீர் என்று நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. குழாயில் விட்டுவிட்டு வரும் ஊராட்சித் தண்ணீரை நீ ட்ரம்மில் பிடித்து, செடிக்கென்றே வைத்திருந்ததை நான் கவனித்ததே கிடையாது. என் கண்ணில் பட்டதெல்லாம் மெஷினிலிருந்து வீணாகப் போகிற வாளித் தண்ணீர். ஒரு சொட்டு வீணாக்காமல் உன் தோட்டத்தைக் காப்பாற்றப் போகிறேன் என்று எனக்கு அவ்வளவு பெருமை! வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில்கூடப் போட்டேன். நீ கைதட்டும் படம் அனுப்பியிருந்தாய். என்ன தண்ணீர் என்று அதில் நான் எழுதவில்லை.

இரண்டாவது வாரம் அவரை இலைகளின் ஓரம் தீய்ந்தது. வெயில் என்று நினைத்து இன்னொரு வாளி ஊற்றினேன். மிளகாய் பூவை உதிர்த்தது. மாலையிலும் ஊற்றினேன். கவலை வந்தால் எதையாவது செய்யாமல் இருக்க முடியாத கை என்னுடையது. செடிகள் வாட வாட ஊற்றிக்கொண்டே இருந்தேன். நாலாவது வாரம் பதினான்கு பைகளிலும் குச்சிகள்தான் நின்றன; மண்மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

நீ அங்கே தினமும் படம் கேட்டாய். உன் கையில் ஊசி வழியாக மருந்து ஏறிக்கொண்டிருந்தது. இதை எப்படிச் சொல்வது? ஃபோனில் பழைய படங்கள் நிறைய இருந்தன. ஒவ்வொரு காலையும் ஒன்றாக அனுப்பினேன்: பூத்த கத்தரி, காய்த்த வெண்டை, அவரைப் பந்தலின் கீழே மகள். “சூப்பர்” என்று பதில் வரும். ஒவ்வொரு ‘சூப்பர்’க்கும் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

புரட்டாசிக் கடைசியில் உன்னைப் பார்க்க வந்தேன். பாதியாகியிருந்தாய். உட்கார்ந்ததும் கேட்டாய்:

“ஏன்டி, திருப்போரூர்ல பாப்பாக்கு மொட்ட போட்டு எவ்ளோ நாளு ஆச்சு?”

“மூணு வாரம்.”

“மூணு வாரத்துல, நீ அனுப்புன போட்டோல கீற மாதிரி, ரெட்டப் பின்னல் போட்ற அளவுக்கு வளந்துச்சா? இன்னா எண்ண தடவற, எனக்கும் கொஞ்சம் எடுத்தாயேன்.” உன் தலையிலும் அப்போது முடி இல்லை.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். வாளி, மெஷின், உப்பு, குச்சிகள். நீ சிரித்ததில் இருமல் வந்து நர்ஸ் எட்டிப் பார்த்தார். “பத்து நாளா தெரியும்டி. நீ எப்போ சொல்லுவன்னு பாத்துகினு இருந்தேன்.” பிறகு குரல் இறங்கியது. “நல்லா கீதுன்னு எல்லாரும்தான் சொல்றாங்க. டாக்டர்லருந்து எங்கம்மா வரைக்கும். நீயாவது கெட்டத கெட்டதுன்னு சொல்லு.”

அப்புறம் திடீரென்று உன் முகம் மாறியது. “மண்ணக் கொட்டிட்டியா?”

“இல்ல.”

“அப்பாடா.” தலையணையில் சாய்ந்தாய். “கொட்டாத. மழ வரட்டும், உப்பு கரஞ்சு கீழ எறங்கிடும். அதுவரைக்கும் நீ ஒண்ணியும் பண்ணாத. உன்னால முடியாது, தெரியும். ஆனா பண்ணாத.”

அந்த வருடம் மழை பிந்தியது. ஐப்பசியில் நீ போய்விட்டாய். மழை அதற்குப் பிறகுதான் வந்தது. மதுராந்தகத்துக்கு அந்தப் பக்கம் உன் ஊரில் உன்னைப் புதைத்துவிட்டு வந்த மறு வாரம், வீட்டைக் காலி செய்ய உன் அம்மா வந்தார். மாடிக்கு வந்து பைகளைப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, செத்த மண்ண வெச்சிகினு கீற?”

“அவதான் கொட்ட வேணாம்னா, அம்மா.”

ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். “கடலு” என்றார். பைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “சரி, மழைல கெடக்கட்டும் வுடு.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

கட்டட சங்கத்தார் இரண்டு தடவை வந்து அகற்றச் சொன்னார்கள். கணவர்கூட, “குச்சிக்கு எதுக்குக் காவல்?” என்றார். நான் அகற்றவில்லை. உரம் வாங்கவில்லை. கிளறவில்லை. என் வாழ்க்கையில் அத்தனை நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. பிரசவத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

பிறகு மழை வந்தது. நான்கு நாள் விடாமல். பைகளின் அடித்துளைகளிலிருந்து பழுப்பு நீர் வழிந்து, மாடியெல்லாம் ஓடி, குழாயில் இறங்கியது. மழை விட்டு இரண்டாவது வாரம் துணி உலர்த்தப் போனேன். கீரைப் பை ஒன்றில் பச்சையாகப் புள்ளிகள். குனிந்தேன். கடுகளவு இலைகள், சிவப்புத் தண்டு, தடித்த சின்னச் சின்ன முளைகள். எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். பருப்புக்கீரை! நான் விதைக்கவில்லை. நீ எப்போதோ பறித்தபோது சிந்திய விதைகளாக இருக்க வேண்டும். நான் ஊற்றிய உப்புக்கு அடியில், வெயிலில், அத்தனை நாளும் அங்கேயே இருந்திருக்கின்றன. செத்த மண் என்று எல்லாரும் சொன்ன மண்ணுக்குள். பக்கத்துப் பையில் ஒரு தக்காளி. அதற்கடுத்ததில், மண்கட்டியைத் தலையில் சுமந்தபடி ஓர் அவரை.

ஈரத் துணி தோளில் கிடக்க எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கோயிலில்கூட அப்படிக் கைகூப்பி நின்றதில்லை. பொறுமை என்று அதுவரை நான் நினைத்தது பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதை. மண் பல்லைக் கடிக்கவில்லை. அது பாட்டுக்கு இருந்தது. உப்பையும் வாங்கிக்கொண்டது, மழையையும் வாங்கிக்கொண்டது. இத்தனை பெரிய காரியம் என் தலைக்கு மேலே நடந்திருக்கிறது, நான் கீழே சோறு வடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆனால் உன்னிடம் ஒன்றை மறைத்துக்கொண்டிருக்கிறேன். மகள் உன்னைக் கேட்டபோதெல்லாம், “ஆன்ட்டி ஊருக்குப் போயிருக்காங்க” என்று சொல்லிவந்தேன். மூன்று வயதில் சொல்ல ஆரம்பித்தது, நாலரை வயது வரை நின்றபாடில்லை. கெட்டதைச் சொல்லத் தெரியாத என் வாய், உன்னிடம் செய்ததையே அவளிடமும் செய்துகொண்டிருந்தது. பஸ் சத்தம் கேட்டால் அவள் ஜன்னலுக்கு ஓடுவாள். ஒரு வருடத்துக்கு மேல் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். இது மண்ணைச் சும்மா விட்ட மாதிரி இல்லை என்பதும் தெரிந்தேதான் இருந்தேன்.

இன்று சாயங்காலம் அவளோடு மாடியில் கீரை கிள்ளிக்கொண்டிருந்தேன். வழக்கம் போலக் கேட்டாள்: “ஆன்ட்டி எப்பம்மா வருவாங்க?”

“வரமாட்டாங்கடா.” என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “ஆன்ட்டிக்கு ரொம்ப உடம்பு சரியில்லாம போச்சு. செத்துட்டாங்க. அம்மா உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்.”

கையிலிருந்த கீரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“இப்ப எங்க இருக்காங்க?”

“அவங்க ஊர்ல. மண்ணுக்குள்ள.”

ரொம்ப நேரம் யோசித்தாள். இடையில் ஏதாவது சொல்லிச் சமாளிக்க என் நாக்கு துடித்தது. நான் பேசவில்லை.

“அங்க மழ பெய்யுமா?”

“பெய்யும்” என்றேன்.

தலையை ஆட்டினாள். பிறகு உதடு பிதுங்கியது. என் மடியில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, சத்தமாக அழுதாள். அழாதே என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் கொண்டுவர ஓடவில்லை, வேடிக்கை காட்டவில்லை. அவள் அழுது முடிக்கும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.