முதலில் குழாய், பிறகு ஏரி

அன்பு மகன் டெல்வினுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஆடுகளும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதுவும் நான் வேலை சொன்னால்தான் வலிக்கிறது. நீயும் மருமகளும் என் பேத்தியும் நன்றாக இருக்க வேண்டும். போர்ட்லாந்தில் வாரம் முழுக்க மழை என்று மருமகள் சொன்னாள், ஒரு வாளி பிடித்து இங்கே அனுப்பி வை. என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, நான் பள்ளிக்கூடம் போனதைவிட அங்கிருந்து ஓடி வந்ததுதான் அதிகம்.

இங்கே எங்கே போனாலும் ஏரிப் பேச்சுதான். பவல் ஏரி இவ்வளவு கீழே போய் நான் பார்த்ததில்லை, பழைய தண்ணீர் நின்ற இடத்தில் பாறையெல்லாம் வெள்ளைக் கறை. ஒரே ஆற்றில் மேலே இந்த ஏரியும் கீழே மீட் ஏரியும் இரண்டுமே அரைகுறையாகக் கிடந்து வெயிலில் வற்றுவதற்குப் பதில், இதன் அணையைத் திறந்து எல்லாவற்றையும் கீழே விட்டுவிடலாம் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அதற்கு ஆதரவா எதிர்ப்பா என்று நம் ஊர் மன்றம் தீர்மானம் போட வேண்டும். நமக்கு வரப்போவதாகச் சொல்லும் குழாய்க்கு அந்த ஏரித் தண்ணீர்தான். வீட்டுக்குள் குழாய் வந்தால் குழந்தையோடு இங்கேயே வந்துவிடுகிறேன் என்று நீ சொல்லிவிட்டுப் போனாய். ஆகவே எனக்கு இது ஏரி வழக்கு இல்லை, பேத்தி வழக்கு. உன் மாமா, என் தம்பி லீலண்ட், திறந்துவிடுகிற கட்சி. நம் பெரியவர்கள் மழை கேட்டுக் கும்பிட்ட ஊற்றுகளை ஏரிக்கு அடியில் மூழ்கடித்துவிட்டு மழை வரவில்லை என்று அழுகிறோமே என்கிறான். அதில் நியாயம் இருக்கிறது, நான் சொன்னதாக அவனிடம் சொல்லிவிடாதே. ஏரிக்கு வரும் சுற்றுலாக்காரர்களின் படகுவீடுகளை நான் கழுவப் போவதை வைத்து, "ஏரி போனா உன் துடைப்பத்துக்கு வேலை போயிடும்னு பயப்படுறே அக்கா" என்றான். "நீ போய் ஊத்துல கும்பிடுடா, குடிக்கத் தண்ணி வேணும்னா மட்டும் என் பீப்பாய்கிட்ட வராதே" என்றேன்.

மன்றத்தில் ஆள் சேர வேண்டுமே என்று ஆட்டுக்கறிக் குழம்பும் பொரித்த ரொட்டியும் போட்டார்கள், பாதிப் பேர் அதற்குத்தான் வந்தார்கள். பேச ஆளுக்கு மூன்று நிமிடம், மணி அடித்தால் உட்கார வேண்டுமாம். அந்த விதியைப் போட்டவர் வெளியூர்க்காரர் என்பது அதிலேயே தெரியவில்லையா. உன் மாமா எழுந்தான். பேசுமுன் குலம் சொல்லும் நம் முறைப்படி அம்மா வழியில் கசப்புநீர்க் குலம், அப்பா வழியில் நீர்கூடல் குலம், பிறகு இரண்டு தாத்தாக்களின் குலம் என்று சொன்னவன் அதோடு நிறுத்தினானா, அந்தந்தக் குலத்தில் அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரையும் தம்பி, மச்சான் என்று முறை சொல்லிக் கூப்பிட்டு ஆளுக்கொரு கேலி. "சரி, இப்ப ஏரி விஷயத்துக்கு வர்றேன்" என்றபோது மணி அடித்துவிட்டது. எந்தப் பக்கம் என்றே சொல்லவில்லை. ஏரியைக் காப்பாற்றத்தான் பேசினான் என்று நினைத்துப் பலர் கை தட்டினார்கள், அவன் முகத்தைப் பார்த்து எனக்குக் குழம்பு மூக்கில் ஏறிவிட்டது.

அடுத்து ஷான்டீன் என்று ஒரு பெண், ஆற்றைப் பற்றிப் படித்தவள், திறக்கச் சொல்லும் கூட்டத்தோடு வந்தவள். நன்றாகத் திட்டுவது என்று தயாராகப் போயிருந்தேன். அவள் எழுந்து முதல் வார்த்தையாகக் கசப்புநீர்க் குலம் என்றாள். போச்சு, என் குலமேதான், எனக்கு மகள் முறை. ஏரி எப்படியும் இறங்கிக்கொண்டுதான் இருக்கும், நம் குழாய் ஏரியிலிருந்து தண்ணீர் எடுக்கும் வாயை இன்னும் தாழ வைத்தால்தான் தண்ணீர் கிடைக்கும் என்று பொறுமையாகச் சொன்னாள். நான் எழுந்து, "என்னை எல்லாருக்கும் தெரியும், தெரியாதவங்க சாப்பாட்டு வரிசையில கேட்டுக்கோங்க" என்று ஆரம்பித்தேன். "மகளே, சாப்பிட்டியா?" என்றேன். இல்லை என்றாள். "முதல்ல சாப்பிடு. ஏரியைத் திறக்கணும்னா திற. ஆனா குழாயைத் தாழ வைக்கப் போறது யாரு, அதைச் சொல்லிட்டுத் திற" என்றேன். "தெரியலைம்மா, இன்னும் யாரும் பொறுப்பு எடுத்துக்கலை" என்றாள். பொய் சொல்லவில்லை, நம் குலம் அல்லவா. ஏரி இருக்கட்டும் என்று பேச வந்தவரிடமும் ஏரி இருந்தால் எந்த வருஷம் குழாய் வரும் என்று கேட்டேன், அவர் மணி அடிக்கிறவரைத் திரும்பிப் பார்த்தார்.

கடைசியில் ஏரி இருந்தாலும் போனாலும் முதலில் தாழ்ந்த மட்டத்தில் குழாய், வீட்டுக்கு வீடு தண்ணீர், பிறகுதான் மற்றப் பேச்சு என்று தீர்மானம் ஆனது. லீலண்டும் கை தூக்கினான். "உனக்காக இல்லக்கா, பேத்திக்காக" என்றான். ஷான்டீன் இரண்டு தட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

ஆனால் மகனே, தீர்மானம்தான் ஜெயித்தது, குழாய் ஜெயிக்கவில்லை. எந்த வருஷம் என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. குழாய் வந்த பிறகுதான் வருவேன் என்றால் என் பேத்தி குமரியாகித்தான் வந்து இறங்குவாள். நீயும் பீப்பாய்த் தண்ணீரில் குளித்து வளர்ந்தவன்தான், அழுக்காகவா இருந்தாய், கொஞ்சம் இருந்தாய். இரண்டு புதுப் பீப்பாய் வாங்கி நிரப்பி மூடி வைத்திருக்கிறேன். ஏரியைப் பார்த்துக்கொண்டு இருக்காதே, புறப்பட்டு வா.

விடியற்காலையில் சோள மகரந்தம் தூவிக் கும்பிடும்போது உங்கள் மூன்று பேர் பெயரையும் சொல்கிறேன், உடம்பு நோகாமல், வழி தப்பாமல், மனம் கோணாமல் இருங்கள். ஒன்றை மறக்காதே. குழந்தை இன்னும் சத்தமாகச் சிரிக்கவில்லை என்று மருமகள் சொன்னாள். நம் வழக்கப்படி குழந்தையை முதலில் சிரிக்க வைக்கிறவர்தான் விருந்து வைத்து அவள் கையால் எல்லாருக்கும் உப்புக் கொடுக்க வைக்க வேண்டும், ஆட்டைக்கூடப் பார்த்து வைத்துவிட்டேன். அங்கே யாரும் அவளுக்கு வேடிக்கை காட்ட வேண்டாம், நீ முகத்தை உம்மென்றே வைத்துக்கொள், உனக்கு அது சுலபம். நான் சிரிக்க வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா
வெர்னா