நைனாவின் கையும் மீன் தொட்டியும்

என் செல்ல நைனாவுக்கு,

அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "எண்ணெய் படிந்தால் படியட்டும் நைனா, நீ கையை வை. காலையில் நான் எடுத்துவிடுகிறேன்." வாய்வரைக்கும் வந்தது. நீ உன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

தந்தி ஆபீசில் கழித்துப்போட்ட பேட்டரிக் கண்ணாடித் தொட்டியைக் கேட்டு வாங்கி, நீ தோளில் சுமந்து வந்த நாள் நினைவிருக்கிறதா? பாலாற்றில் வெள்ளம் வடிந்து குட்டை குட்டையாய்த் தண்ணீர் தேங்கியிருந்தது. துண்டால் கெண்டைக் குஞ்சுகளை வாரிவந்து அதில் விட்டாய்.

"ஊறுகா போட ஒரு ஜாடி இல்ல வூட்ல. மீனுக்குக் கண்ணாடி பங்களாவா?" என்றாள் அம்மா.

"நீ மட்டும் அதுங்க எதிர்ல மீன் வறுக்காத. பயத்துலயே செத்துடும்" என்றாய் நீ.

தோல் ஷாப்பில் உனக்கு எண்ணெய் போடும் வேலை. பதனிட்ட தோலில் புங்க எண்ணெயும் மீன் எண்ணெயும் கலந்து, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி ஏற்ற வேண்டும். வீட்டுக்கு வந்ததும் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவுவாய். ஆனாலும் விரல் வெடிப்புகளில் அந்த வாசனை போகாது. வெற்றிலைக் கடைக்காரர் உன் கையில் வெற்றிலையைக் கொடுக்க மாட்டார், பலகையில் வைத்துவிட்டு விலகிக்கொள்வார். நீயும் அதைக் கவனிக்காதவன் போல எடுத்துக்கொள்வாய். நான் கவனித்திருக்கிறேன்.

அந்தக் கையைத்தான் சாயங்காலம் தொட்டியில் வைப்பாய். குஞ்சுகள் ஓடிவந்து தடித்துப்போன தோலைக் கொறிக்கும். உனக்குக் கூச்சம் தாங்காது, குழந்தை மாதிரி நெளிவாய். "என் கையத் தேடிக்கினு வருது பாரு கண்ணு!" என்பாய். அவ்வளவு பெருமை.

கொஞ்ச நாளில் தண்ணீர்மேல் ஏடு படிய ஆரம்பித்தது. சாய்த்துப் பார்த்தால் மயில் கழுத்து நிறம் மின்னும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அடுப்படித் தாளிப்புதான் காரணம் என்று நீ தொட்டியைக் கூடத்துக்கு நகர்த்தினாய். விளக்கின் மண்ணெண்ணெய்தான் என்று அம்மா ஜன்னல் பக்கம் நகர்த்தினாள். தண்ணீரை மாற்றினால் மறுநாளே ஏடு திரும்பியது. ஒரு குஞ்சு செத்தும் போனது. அன்று நீ சரியாகச் சாப்பிடவில்லை.

நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்திலிருந்து, பிள்ளைகளின் மையை ஒற்றியெடுக்கும் தாளை ஒருநாள் கொண்டுவந்து தண்ணீர்மேல் விரித்துப் பார்த்தேன். மெதுவாக ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் ஏடு தாளோடு வந்துவிட்டது. கீழே தண்ணீர் பளிச்சென்று இருந்தது. தாளை முகர்ந்ததும் தெரிந்துவிட்டது, நைனா. உன் சட்டையைத் துவைக்கிறவள் அல்லவா நான்? யாரிடமும் சொல்லவில்லை. நீ சாயங்காலம் கையை வைப்பாய், நான் காலையில் தாளைப் போட்டு எடுப்பேன். மீன்களும் மேலே வருவதை விட்டன. இப்படியே போய்விடும் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலிமேல் காயப் போட்டிருந்த தாளை நீ எடுத்து மூக்கருகே கொண்டுபோனாய். எண்ணெய் போடுகிறவனுக்கு அந்த வாசனையை யார் சொல்ல வேண்டும்?

"கண்ணு, இது நம்ம ஷாப்பு எண்ணெய் ஆச்சே. என் கையிலேர்ந்தா வருது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"செத்த மீனோட எண்ணெயக் கொண்டாந்து உயிரோட இருக்கிற மீன் மூச்ச அடைச்சிக்கினு இருந்திருக்கேன். நல்ல தோஸ்த்துடா நானு!" என்று சிரித்தாய். அம்மாகூடச் சிரித்தாள். அப்புறம்தான் உள்ளங்கைகளைப் பார்த்தாய்.

அன்று சாயங்காலம் பொரியைப் பொடித்து மேலேயிருந்து தூவிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய். பொரியை விட்டுவிட்டு மீன்கள் நீ நிற்கும் பக்கத்துக் கண்ணாடியை வந்து முட்டின. அதைப் பார்த்தாயா நீ? பார்த்தும்தான் நின்றாயா?

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி ஜாஸ்தி, வாய் கொஞ்சமும் கம்மியாகவில்லை. தொட்டியை வகுப்பில் வைக்கலாமா என்று தலைமை ஆசிரியை கேட்டார்கள். சரி என்றேன். என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப்பேர் தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். எந்தப் பிள்ளையையும் தண்ணீரிலிருந்து கையை எடு என்று நான் சொல்ல மாட்டேன், பிறர் சொல்லவும் விட மாட்டேன். தண்ணீரைச் சுத்தமாக வைத்துக்கொள்வது என் பொறுப்பு. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நீ அந்தத் தண்ணீரில் கை வைக்கவில்லை. ஏடும் படியவில்லை. ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது, மாதம் முடியுமுன் போய்விட்டாய். மற்ற மீன்கள் எல்லாம் பிழைத்துக்கொண்டன.

உன் மூத்த பெண்,
ரத்தினம்