துரையின் கோட்டும் நீ விடச் சொன்ன மூச்சும்

என் பாக்கியம்,

உன் தையற்காரன் கண்டியில் சுகமாக இருக்கிறேன். கழுத்து திரும்புகிறது, முதுகு நிமிர்கிறது. இதை முதலில் சொல்லாவிட்டால் மீதியைக் கேட்க உனக்குப் பொறுமை இருக்காது.

நீ போன பிறகு ஊருக்கு ரயில் வந்துவிட்டது. காப்பி மூட்டைகள் இப்போது அதில்தான் கொழும்புக்குப் போகின்றன. ஊதல் சத்தம் கேட்டால் போதும், நம் மகள் வள்ளி கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறாள். நீ இருந்தால் அவளுக்கு முன்னால் ஓடியிருப்பாய்.

கல்யாணமான புதிதில் என் முதுகுவலி நம் வீட்டில் மூன்றாவது ஆளாக இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? கலகெதர ஊர் வைத்தியரின் எண்ணெய் தீர்ந்ததுதான் மிச்சம். தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த நீ, என் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைக்கப் பழகிய நாட்கள் அவை.

ஒருநாள் திடீரென்று கேட்டாய்: “என்னங்க, ஊசி குத்துறப்பெல்லாம் நீங்க மூச்சே விடுறதில்லையே? ஆளு இருக்கா போயிருச்சான்னு நான் பாத்துக்கிட்டே இருக்க வேண்டியிருக்கு!”

“நுணுக்கமான வேலை. மூச்சு விட்டா கை ஆடிடும்.”

“தலையில கூடைய வச்சிக்கிட்டு மலை ஏறுனவ நான். மூச்சப் புடிச்சிக்கிட்டு ஏறுனா பாதி வழியிலயே இடுப்பு புடிச்சிக்கும். விட்டு விட்டு ஏறணும். தோளப் பாருங்க, காதுகிட்ட நிக்குது!”

பழைய சாக்கை மடித்து எனக்கு அடியில் வைத்தாய். வயிறு மடங்காமல் உட்காரச் சொன்னாய். அதற்குப் பிறகு நான் மூச்சை அடக்கும்போதெல்லாம் நீ எறியும் பொத்தான் ஒன்று பறந்து வந்து காதில் படும். எத்தனை பொத்தான்கள், பாக்கியம்! ஆனால் அந்த மாதம் முடிவதற்குள் தோள் இறங்கிவிட்டது. வலி போன நாளை நான் கவனிக்கக்கூட இல்லை. நீதான் சொன்னாய், “இன்னைக்கு முனகலையே” என்று.

அப்புறம் வந்ததே காப்பித் தோட்டத்துப் பெரிய துரையின் கோட்டு! அளவெடுக்கும்போது மனுஷர் வயிற்றை உள்ளே இழுத்து, நெஞ்சைத் தூக்கி, சிப்பாய் மாதிரி நின்றார். நானும் அப்படியே அளந்து தைத்தேன். மறுநாளே பொத்தான் தெறித்த கோட்டோடு வந்தார். மீண்டும் அளந்தேன், மீண்டும் தெறித்தது.

“தையல்காரன்! மூச்சு விட முடியாது! சாப்பிட முடியாது!” என்று கடையே அதிரக் கத்தினார். இந்த முறையும் சரியில்லை என்றால் எந்தத் தோட்டத்திலிருந்தும் எனக்குத் தையல் வேலை வராமல் செய்துவிடுவதாகச் சொன்னார்.

திரைக்குப் பின்னாலிருந்து நீ மெதுவாகச் சொன்னாய்: “அவரு குதிரையப் பத்திக் கேளுங்க.”

கேட்டேன். துரை பேசத் தொடங்கினார். குதிரைக்கு என்ன பிடிக்கும், எந்த ஆற்றைக் கண்டால் மிரளும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். முகம் இளகியது, தோள் தளர்ந்தது, வயிறு தானாக வெளியே வந்தது. “இப்ப அளங்க!” என்றாய். முன்னைவிட நாலு விரல் கூடுதல். அந்தக் கோட்டோடு அவர் குதிரை ஏறினார், இறங்கினார், விருந்துக்குப் போனார். ஒரு பொத்தானும் அசையவில்லை.

அதன் பிறகு வந்த துரைமார் எல்லோரிடமும் குதிரையைப் பற்றித்தான் கேட்டேன். ஒருவருக்குக் குதிரை இல்லை. அவருடைய அம்மாவைப் பற்றிக் கேட்டேன், அழுதுவிட்டார். அவர் கோட்டும் கச்சிதமாகவே அமைந்தது. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரிந்தது?

காய்ச்சல் உன்னை ஆறே நாளில் கொண்டுபோனது. நான் பழையபடி ஆகிவிட்டேன். தோள் ஏறியது, கழுத்து மரமானது, ஊசியைக் கோக்கக்கூடக் குனிய முடியவில்லை. ஒரு மத்தியானம் வள்ளி என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, அம்மா போனதுலேருந்து நீங்க முழுசா ஒரு மூச்சு விடலப்பா.”

என்னைத் துணி வெட்டும் பலகையில் படுக்க வைத்தாள். என் கையை எடுத்து என் வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளே போன மூச்சு கொஞ்சம்தான். வெளியே வந்தது நீளமாக வந்தது. அதோடு அழுகையும் வந்தது. வள்ளி தடுக்கவில்லை. அப்படியே தூங்கிப்போனேன். எழுந்தபோது கழுத்து ஒரு பக்கம் திரும்பியது. மறு பக்கம் திரும்ப இன்னும் சில நாள் ஆனது, அவ்வளவுதான்.

நல்ல செய்தியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். தை மாதம் வள்ளிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பேராதனையில் காப்பி காயவைக்கும் களத்தில் வேலை. நிறையச் சிரிப்பான், கூச்சமில்லாமல் சாப்பிடுவான். உனக்குப் பிடித்துப்போகும்.

கல்யாணத்தன்று நான் ஒரு மூலையில் போய் உட்கார மாட்டேன், பாக்கியம். பந்தியின் நடுவில் உட்கார்ந்து, என் பாயசத்தைக் குடித்துவிட்டு, உன்னுடையதையும் கேட்டு வாங்கிக் குடிப்பேன்.

இப்படிக்கு,
வள்ளியின் அப்பா, இன்றும் உன் வீட்டுக்காரன்,
முத்தையா