ஆட்டுத்தலைக்கு உரியவர்

அல்மாத்தி, மார்ச் 3

அப்பாவுக்கு வணக்கம். மூன்று கூட்டமும் இரண்டு வாக்கெடுப்பும் நடத்தி, அவித்த ஆட்டுத்தலையின் மூக்கு விருந்தாளியைப் பார்த்தே இருக்க வேண்டும் என்று எங்கள் பள்ளியின் மேதைப் பிள்ளைகள் தீர்மானித்தார்கள். நான் சுகம். உங்கள் முட்டிவலி எப்படி?

கணிதப் பதக்கம் வாங்கும் இவர்களுக்கு வாழ்க்கைத்திறன் வரட்டும் என்று, ஒரு விருந்தை முழுக்க நடத்தும் செயல்திட்டம் கொடுத்திருந்தேன். நான் எடுக்கும் இந்த வகுப்பு தேவையா என்று முடிவுசெய்ய வந்த ஆய்வாளர்தான் விருந்தாளி. வயது, பதவி, வந்த தூரம் எல்லாம் கணக்குப் போட்டு, அறுத்துப் பங்கிடும் மரியாதை அவருக்கே என்று தலையை அவரிடம் நீட்டினாள் மாணவி ஜானெல். அவர் கை நீட்டவில்லை.

"எங்கப்பா இருக்காரும்மா. காலையிலகூடத் திட்டினாரு."

"ஐயோ, அதை யாருமே கேக்கலையே! சார், நீங்களாவது சொல்லக்கூடாதா?" என்று என் பக்கம் திரும்பினாள் ஜானெல்.

தந்தை உயிரோடு உள்ளவன் தலையை வாங்கக்கூடாது என்று நீங்கள் சொல்லித் தந்ததை, நான் பிள்ளைகளுக்குச் சொல்ல மறந்திருந்தேன். தட்டு என்னிடம் வந்தது.

"எனக்கும் இருக்காரு" என்று தள்ளிவிட்டேன். அப்படிச் சொல்ல வைத்ததற்கு நன்றி, அப்பா.

கடைசியில், பள்ளியில் கொதிகலன் பார்க்கும், தந்தையை இழந்த சார்சென் அண்ணன் வாங்கி அறுத்தார். சின்னப் பிள்ளைகளுக்குத் தரும் காது ஆய்வாளருக்குக் கிடைத்தது.

காய்ந்த தயிர் உருண்டை கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே கடையில் விற்பதில் உப்பு போதவில்லை. பதிலைத் தம்பியிடம் சொல்லி எழுதவைக்காதீர்கள். உங்கள் கையெழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. மணியடித்துவிட்டது.

தௌலெத்

பி.கு.: வகுப்பு தொடர்கிறது. வாரம் இரண்டு மணி நேரம்.