குன்னூர் மார்க்கெட்டில் நான் துடைத்த பழங்கள்

மண்ணரை, திருப்பூர்
11-6-1967

அன்புள்ள மகள் சாரதாமணிக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அப்பாவும் இருக்கிறோம், படுத்துக்கொள்ளும்படி யாருக்கும் எதுவும் இல்லை. நீ சுகமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை, ஆனால் போன வாரம்தான் இரண்டு நாள் உன்னோடு இருந்து கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்தேன், நீ என்னைவிடச் சுகமாக இருக்கிறாய், அதனால் கேட்கவில்லை. இங்கே குழாயில் தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு தடவை என்று ஆக்கிவிட்டார்கள். பக்கத்து வீட்டு ரங்காத்தாள் தன் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய் வந்தால் குடம் கடைசியில் கிடக்கிறது, தெருவே அவள் வாயில் விழுந்து எழுந்திருக்கிறது. உன் அப்பாவுக்கு வீரபாண்டிச் சாயப்பட்டறையில் இந்த வாரம் முழுக்க நீலம். சோற்றில் கை வைத்தால் சோறும் நீலமாகிறது என்று காட்டிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் முதலாளி வீட்டார் சீசனுக்கு மலைக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது, இன்னும் இறங்கவில்லை. அவர்கள் அங்கே காற்று வாங்குகிறார்கள், இங்கே பனியன் துணியில் நாங்கள் குறை பார்க்கிற செக்கிங் ஹாலில் சூப்பர்வைசர் ஒரு ஜன்னலைத் திறக்க விடுவதில்லை, தூசி வந்து வெள்ளைத் துணியில் படுமாம். எங்கள் மேல் எது பட்டாலும் பரவாயில்லை.

நான் குன்னூருக்கு வந்தது உன்னைப் பார்க்க மட்டும் என்று நீ நினைத்திருப்பாய். அது பாதிதான். பையில் ஒரு காகிதம் கொண்டுவந்தேன், அதை உன்னிடம் காட்டாமலே திரும்பி வந்துவிட்டேன். இங்கே டெலிபோன் ஆபீசில் கந்தப்பன் என்று ஒருவர் இருக்கிறார், உன்னைப் போலவே ஆபரேட்டர். அவர் சம்சாரம் குன்னூரில் டீச்சர். அவர் அங்கே வரவும் நீ இங்கே வரவும் இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் ஆபீசில் மாற்றிக் கொடுத்துவிடுவார்களாம். அதற்கான படிவத்தை வீடு தேடி வந்து கொடுத்துவிட்டு, இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் சேர வேண்டும் என்றார். பாப்பா போட்டுவிடுமில்லீங்களா என்று இரண்டு தடவை கேட்டார். போடுவாள், நான் சொன்னால் மறுபேச்சுப் பேசமாட்டாள் என்றேன். அந்த வாக்கைக் கொடுத்துவிட்டுத்தான் கம்பெனியில் கெஞ்சி இரண்டு நாள் லீவு வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன்.

எதற்கு அவசரம் என்று கேட்பாய். உன் கடிதங்கள்தான் காரணம். முதலில் குளிருகிறது, போர்வை அனுப்பு என்று எழுதிக்கொண்டிருந்தாய். அப்புறம் எழுத ஆரம்பித்தாய் பார், வர்க்கியை மெயின் ரோட்டுக் கடையில் வாங்கக்கூடாது, நாலு மணிக்குச் சந்துக்குள் இருக்கிற பேக்கரியில் தட்டு வெளியே வரும்போது வாங்க வேண்டும், பால் விடாத கட்டன் டீயில் முக்கி எடுக்க மூன்று எண்ணுவதற்கு மேல் ஆகக்கூடாது என்று. உருளைக்கிழங்கைக் கழுவி வைத்திருந்தால் அது டூரிஸ்டுக்கு, செம்மண்ணோடு கிடந்தால் அதுதான் நமக்கு என்று. அவரைக்குழம்பும் களியும் வீட்டுக்கார நஞ்சம்மாள் கையால் சாப்பிட்ட பிறகு வேறு எதுவும் இறங்கவில்லை என்று. எல்லாவற்றுக்கும் கீழே, எங்க ஊர்ல இப்படித்தான் அம்மா என்று எழுதியிருந்தாய். எங்க ஊர். பதினெட்டு வருஷம் மண்ணரையில் வளர்ந்தவளுக்கு ஒன்றரை வருஷத்தில் அது எங்க ஊர் ஆகிவிட்டது. அந்த வரியைப் படித்த அன்று மதியம் நல்ல பீஸ் இரண்டைக் கழிவில் போட்டுவிட்டேன், சூப்பர்வைசர் கண் தெரியவில்லையா என்று கேட்டான்.

நஞ்சம்மாளைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டம். குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு, பதினாலு வயதிலிருந்து அதைத்தான் செய்கிறேன், அந்த வீட்டில் இரண்டு நாளும் தேடினேன். வாடகைக்குக் கீழ் அறையைக் கொடுத்தவள் வாடகையோடு நிற்க வேண்டியதுதானே. நீ ஷிஃப்ட் முடிந்து வரும்போது வெந்நீர் போட்டு வைக்கிறாள். நீ வேலைக்கு மேட்டிலிருந்து இறங்கிப் போகும்போது கழுத்துத் துணியைச் சரிசெய்து விடுகிறாள். நீ அவளைக் குன்னூரம்மா என்கிறாய். என் முன்னாலேயே கூப்பிட்டாய், நான் திரும்பிப் பார்த்தேன், அவளும் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பதில் சொல்ல நீ அவர்கள் படுக பாஷையில் பேசினாய், இரண்டு பேரும் சிரித்தீர்கள். என்னைப் பற்றி இல்லை என்று தெரியும். தெரிந்தாலும் எரிந்தது. களியை நீ விரலால் உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்கின அழகைப் பார்த்து, நம் வீட்டில் ராகி என்றால் மூஞ்சியைத் திருப்பின பிள்ளைதானே இது என்று நினைத்துக்கொண்டேன். நன்றாக இருந்தது என்பதால் நானும் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டேன், அதையும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனீர்கள். அதைப் பற்றி நீயும் நானும் அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். பிளம்ஸ் பழக்காரர் யாரோ வெளியூர்க் குடும்பத்துக்கு எடை போட அந்தப் பக்கம் போயிருந்தார். நீங்கள் இரண்டு பேரும் முட்டைக்கோஸ் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் பழக்கூடை முன்னால் நின்றேன். கருஞ்சிவப்புத் தோல் மேலே வெள்ளையாக ஒரு பொடி படிந்திருந்தது. என் கண்ணுக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்று நினைத்துப் பார். ப்ளீச்சிங் ஆகி வருகிற துணியில் அப்படிப் பொடி நின்றால் சரியாக அலசவில்லை என்று அர்த்தம், போட்டவனுக்கு உடம்பு அரிக்கும், அந்தப் பீஸைத் தேய்த்துப் பார்க்காமல் நான் கட்டுக்குள் வைத்தால் வேலை போகும். மூளை யோசிப்பதற்கு முன்னால் கை போய்விட்டது. ஒரு பழத்தை எடுத்து முந்தானையால் துடைத்தேன், கண்ணாடி மாதிரி பளபளத்தது. இன்னொன்று துடைத்தேன். பாவம் மனிதர், தனி ஆளாக இருக்கிறார், நாம் சும்மாதானே நிற்கிறோம் என்று கூடையில் பாதியைத் துடைத்துப் பளபளப்பானதை ஒரு பக்கமாக அடுக்கிவைத்தேன், ஹாலில் அடுக்குகிற மாதிரியே பத்துப் பத்தாக. நன்றி சொல்வார் என்றுகூட நினைத்தேன்.

அவர் வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இது, பழத்தைப் பூராக் கெடுத்துட்டீங்களே, இந்தப் பொடி போனா பழசுன்னு எந்த உள்ளூர் ஆளும் தொடமாட்டாங்க, நாளைக்குள்ள சுருங்கிப்போகும்" என்றார். ஜனம் கூடிவிட்டது. மரத்திலிருந்து பறித்த புதுசுக்கு அடையாளமே அந்தப் பொடிதானாம். உருளைக்கிழங்கின் மண்ணைப் பற்றி எழுதத் தெரிந்த உனக்கு இதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம். நீ ஓடி வந்தாய். என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாய். பார்த்துச் சொன்னாய், "அவங்க வெளியூருங்க, தெரியாம செஞ்சுட்டாங்க, உடுங்க" என்று. வெளியூரு. எங்கம்மா என்று உனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பின்னால் வந்த நஞ்சம்மாள் என் தோளில் கை வைத்து, "இவங்க நம்ம சாரதாவோட அம்மா. அந்தப் பழம் பூரா எனக்குப் போடு" என்றாள். மூன்று பை பழம். நீ அவமானத்தில் சிவந்துபோய் நின்றாய், நான் உன்னைப் பெற்றவள் என்று ஊரறியச் சொன்னது அவள். அவள் செய்ததற்கு நான் காலில் விழ வேண்டும். அந்த நிமிஷம் அவளைப் பிடித்துக் கீழே தள்ள வேண்டும் போல இருந்தது. அங்கேயே கொஞ்சம் தள்ளி எங்கள் முதலாளி சம்சாரம் பெரிய தொப்பி போட்ட பேரனோடு கழுவின உருளைக்கிழங்கை இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கிக்கொண்டு இருந்தது, என்னை நேராகப் பார்த்தது, அடையாளம் தெரியவில்லை. வெளிச்சத்துக்கு நேராகத் துணியை விரித்துப் பிடித்து நின்றால் எங்கள் முகம் யாருக்கும் தெரியாதுதான்.

சாயங்காலம் உங்கள் ஆபீசுக்குப் பின்னால் இருக்கிற மைதானத்துக்குப் போனோம். ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே வீசிப் பிடிக்கிற அந்த விளையாட்டை நான் முதல் தடவையாக அங்கேதான் பார்த்தேன். நீ ஓடினாய், சாரதா. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பின்னல் முதுகில் அடிக்க, வாயைத் திறந்து கத்திக்கொண்டு ஓடினாய். நஞ்சம்மாள் வெறுங்காலோடு, தலையில் கட்டின வெள்ளைத் துணி நழுவாமல் எதிர்ப் பக்கம் நின்று விளையாடினாள், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். என்னையும் கூப்பிட்டீர்கள். வெட்கமாக இருக்கிறது, நீங்கள் விளையாடுங்கள் என்றேன். பொய். ரயிலில் வந்ததில் காலிரண்டும் வீங்கி இருந்தது, பத்து மணி நேரம் நின்றே பழகின காலுக்கு ஓடத் தெரியுமா என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு முப்பத்தெட்டுதான் ஆகிறது, கண்ணு. ஒரு தடவை வளையம் உருண்டு என் பக்கம் வந்தது. எடுத்தேன், உடனே வீசவில்லை. அம்மாவுக்கு வீசத் தெரியவில்லை என்று நீ நினைத்து ஓடிவந்து வாங்கிக்கொண்டாய். தெரியாமல் இல்லை. கொடுக்க மனசு வரவில்லை.

ரயிலில் மலையிறங்கி வரும்போதுதான் எனக்கே புரிந்தது. என் எரிச்சலில் நஞ்சம்மாள் மேல் இருக்கிறது பாதி. மீதி உன் மேல். உன் வயதில் எனக்கு இடுப்பில் நீ இருந்தாய், கையில் பீஸ் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆறு நாள் அழுக்குத் துணி. எந்தப் பழம் நல்லது, எந்தச் சந்தில் ரொட்டி சூடாக இருக்கும், எந்த மைதானத்தில் வெயில் கடைசியாகப் போகும் என்று தெரிந்துவைத்துக்கொண்டு வாழ்வது முதலாளி வீட்டுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். அவர்களுக்கும் அது தெரியவில்லை, வருஷா வருஷம் போய்க் கழுவின கிழங்கை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். உனக்குத் தெரிந்திருக்கிறது. உன்னை எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படிக்க வைத்தது நான். அதற்குப் பெருமைப்படத்தானே வேண்டும், எந்தத் தாயாவது இப்படி வயிறு எரிவாளா. நான் எரிகிறேன். அதை மறைத்து எழுதினால் இது கடிதமே இல்லை.

வந்த மறுநாளே கந்தப்பன் வந்துவிட்டார். கையெழுத்து ஆச்சுங்களா என்றார். தபாலில் அனுப்புகிறேன் என்று சொல்லிவைத்தேன். உன் அப்பாவிடம் அன்றைக்குத்தான் விஷயத்தைச் சொன்னேன். அவர் நீலக் கையைப் பார்த்துக்கொண்டே, "புள்ள அங்கயே இருக்கட்டும் உடு, இங்க வந்து எந்தக் குடத்துக்கு வரிசையில நிக்கோணும்" என்றார். நான் அவரோடு சண்டை போட்டேன். சண்டை போட்டுவிட்டுப் படிவத்தை எடுத்து உன் பெயர், அப்பா பெயர், வேலையில் சேர்ந்த தேதி எல்லாம் நானே எழுதினேன். மாற்றல் கேட்பதற்குக் காரணம் என்று ஒரு இடம் விட்டிருக்கிறார்கள். தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று எழுதுங்கள், அதுதான் சீக்கிரம் நடக்கும் என்று கந்தப்பன் சொல்லிக் கொடுத்திருந்தார். பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உடம்பு என்று எழுதினால் பொய். உண்மையை எழுதினால் எந்த ஆபீசரும் ஒப்புக்கொள்ளமாட்டார். நீ இங்கே வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஆறு மாதத்தில் உனக்கு ஓட மறந்துவிடும், ஒரு வருஷத்தில் உன் முகம் என் முகம் மாதிரி ஆகிவிடும், அப்போது எனக்குப் பொறாமைப்பட ஒன்றும் இருக்காது. அதை நினைத்ததும் ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. உன் அம்மா அப்படிப்பட்டவள்தான், தெரிந்துகொள். அந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்துதான் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டேன்.

படிவத்தை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். வர வேண்டும் என்று உனக்குச் சொந்தமாக ஒரு காரணம் இருந்தால் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. என்னைக் காரணமாக எழுதாதே. ஒன்றும் இல்லை என்றால் முப்பதாம் தேதி தாண்டட்டும், கந்தப்பனுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், வாக்குக் கொடுத்தது நான்தானே. ஆனால் ஒன்று, இன்னொரு தடவை எந்தக் கடை முன்னாலும் என்னை வெளியூரு என்று சொல்லாதே. ஆடிப் பதினெட்டுக்கு எங்களுக்கு லீவு. வருவேன். அன்றைக்கு மைதானத்தில் நஞ்சம்மாள் நிற்கிற பக்கத்தில் நான் நிற்பேன், அவள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

சென்னிமலை முருகன் துணையாக இருந்து உன்னை நோய் நொடி இல்லாமல் வைக்க வேண்டும். ராத்திரி ஷிஃப்டுக்குத் தனியாக நடக்காதே, காதில் துணி கட்டாமல் வெளியே போகாதே. நஞ்சம்மாளை நான் விசாரித்ததாகச் சொல்லு. ரொம்பச் சொல்ல வேண்டாம், விசாரித்தேன் என்று மட்டும் சொல்லு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
முத்தாயி