ஐந்து கார்களும் ஒரு டிரைவரும்

அன்புள்ள டாக்டரம்மா,

நேற்று சேலத்திலிருந்து பஸ்ஸில் மலையேறி வரும்போது ஒரு வளைவில் பிரேக் கருகிய வாடை அடித்தது. மலை இறங்கி வந்த டூரிஸ்ட் கார் ஒன்று ஓரமாக நின்றிருக்க, அதன் டிரைவர் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். உடனே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. உங்களிடம் சொல்லாமல் விட்டதை இப்போதாவது எழுதிவிட வேண்டும்.

பதினெட்டு வருடம் உங்களுக்குக் கார் ஓட்டினேன். அதற்குள் ஐந்து கார். ஒன்று என் கைக்குப் பழகி வரும்போது அதை விற்றுவிடுவீர்கள். புதியதில் கண்ணாடி உடைந்தாலும் முகத்தைக் கிழிக்காதாம். அதற்கடுத்ததில் முன் சீட்டுக்கு பெல்ட் உண்டாம். 'டாக்டரம்மா சேலை மாத்துற மாதிரி காரை மாத்துது' என்று ஏற்காடு கடைவீதியே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ரோஷம்தான் வந்தது. என் கைமேல் நம்பிக்கையில்லாமல்தான் மாற்றுகிறீர்கள் என்று நினைத்தேன். மலைப்பாதையில் அடிபட்டு வந்தவர்களின் முகத்திலிருந்து கண்ணாடித் துண்டு பொறுக்கியவர் நீங்கள் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

பெல்ட்டை மாட்டாமல் சும்மா தோளில் போட்டுக்கொண்டு உங்களை ஏமாற்றப் பார்ப்பேன். நீங்கள் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "ஏனுங்க மாணிக்கம், சத்தமே கேக்கலீங்களே" என்பீர்கள். அது மாட்டும் சத்தம் கேட்டால்தான் வண்டி நகரும்.

நான்காவது கார் வந்த அன்று அதன் புத்தகத்தைப் படித்துக் காட்டினீர்கள். இதன் பிரேக்குக்கு இஞ்சின்தான் பலம் கொடுக்கிறது, இறக்கத்தில் இஞ்சினை அணைக்கவே கூடாது என்றீர்கள். தலையாட்டினேன். ஆனால் இஞ்சினை அணைத்து, நியூட்ரலில் விட்டு இறங்குவதுதான் அந்நாளில் எங்கள் பழக்கம். பெட்ரோல் மிச்சம் என்பது ஒரு பக்கம். சத்தமில்லாமல் மலையிறங்கத் தெரிந்தவன்தான் டிரைவர் என்ற பெருமை இன்னொரு பக்கம்.

ஒரு நாள் சேலத்துக்கு இறங்கும்போது நீங்கள் கண்ணயர்ந்துவிட்டீர்கள். சாவியைத் திருப்பினேன். இரண்டு வளைவு நன்றாகத்தான் போயிற்று. மூன்றாவதில் பிரேக் பெடல் கல்லாக இறுகிவிட்டது. இரண்டு காலாலும் மிதித்தேன், வேகம் குறைந்ததே தவிர வண்டி நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் மலைப் பக்கம் ஒடித்து மண்மேட்டில் மோதினேன். பெல்ட் இல்லாதிருந்தால் இரண்டு பேருமே கண்ணாடியில் போய் விழுந்திருப்போம். நீங்கள் உங்களைப் பார்த்துக்கொள்ளாமல் முதலில் என் விலா எலும்பைத் தொட்டுப் பார்த்தீர்கள். "பிரேக் புடிக்கலீங்கம்மா" என்றேன். அது பாதி நிஜம்.

சேலம் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டு, பிரேக்கில் குற்றமே இல்லை என்றார். இறக்கத்தில் இஞ்சினை அணைத்தீர்களா என்று என்னைக் கேட்டார். அங்கே ஏற்காட்டு டிரைவர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ஆமாம் என்றால் அன்றோடு என் பிழைப்பு போயிற்று.

நீங்கள் என்னை ஒரு தடவை பார்த்தீர்கள். பிறகு அவரிடம், "நான்தானுங்க அணைக்கச் சொன்னேன், பெட்ரோல் மிச்சமாகட்டுமின்னு" என்றீர்கள்.

நீங்கள் பொய் சொல்லி அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை. திரும்பும்போது பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்காரவே கூசினேன். எப்படியோ வாயைத் திறந்து, "அம்மா" என்றேன். "இன்னும் நொம்ப வலிக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

ஐந்தாவது காரையும் என்னிடமே கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு ஒரு நாளும் நான் இஞ்சினை அணைத்ததில்லை. ஆனால் பழி உங்களோடு நின்றுவிட்டது. காரை மாற்றக் கணக்குப் பார்க்காத அம்மா, சொட்டுப் பெட்ரோலுக்குப் பார்த்து உயிரை விடப் பார்த்தார் என்று ஊரெல்லாம் பேச்சு. உங்கள் காதுபடவே சொன்னார்கள். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை நீங்கள்.

போன மாதம் உங்கள் வருட நினைவு ஜெபத்துக்குப் போயிருந்தேன். ஜெபம் முடிந்து டீ குடிக்கும்போது யாரோ அந்தப் பெட்ரோல் கதையை எடுத்தார்கள். எல்லோரும் பாசத்தோடுதான் சிரித்தார்கள். 'கூட இருந்தது நீதானேப்பா, சொல்லு' என்று என் பக்கம் திரும்பினார்கள்.

நானும் சிரித்தேன், டாக்டரம்மா. ஆமாம் என்று சொல்லிச் சிரித்தேன்.

உங்கள் டிரைவர்,
மாணிக்கம்