ஹாரியின் மகன்

வியாழன், இரவு.

துபாய், ஜெபல் அலி கிடங்கில் என் மேனேஜர் ஹாரிசன். அந்தப் பெயருக்கு ஹாரியின் மகன் என்று அர்த்தமாம். எந்த ஹாரி என்று அவர் வீட்டில் யாருக்கும் தெரியாதாம். எப்போதோ செத்த ஒருவனைக் கூப்பிட்டால் இன்றும் தாங்கள் திரும்பிப் பார்ப்பதாகச் சொல்லிச் சிரித்தார்.

நானும் அப்படித்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில் இருப்பதால் இங்கே எல்லோருக்கும் நான் ராமசாமி. போன மாதம் அப்பா இறந்தார். லீவு கிடைக்கவில்லை, ஊருக்குப் போகவில்லை.

சாயங்காலம் கூட வேலை செய்யும் ரஃபீக் வந்தான்.

"ராமசாமிண்ணே, பின்னாடி ரேக்குகிட்ட ஒரு பெரியவர் 'சின்னா, சின்னா'ன்னு கூப்பிட்டுக்கிட்டே நிக்கிறாரு. அப்படி இங்க யாருண்ணே?"

"யாரும் இல்ல" என்றேன்.

என்னை அப்படிக் கூப்பிட்டது அப்பா ஒருவர்தான். இந்தத் தடவையும் நான் போகவில்லை.